ஒரே ஆணியில் ஏழு காலண்டர்

“சின்னக் கம்பெனிக்காரன் ஆராய்ச்சி பண்ணினா வரியில கழிவு உண்டாமா. நம்ம பக்கம் பட்டறையில என்ன ஆராய்ச்சி நடக்குது? டீயில சக்கரை ஒண்ணா ரெண்டாங்கறதைத் தவிர.”

கேட்டாயா கண்ணு, முன் சீட்டில் பேப்பரை விரித்துக்கொண்டு அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொல்வதை? எழுந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இருக்கிறது. ஆனால் நான் பேசுகிற ஆள் இல்லை. எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள், நாகமணி வாயைத் திறந்தால் கொட்டாவிக்குத்தான் என்பார்கள். நீ பாட்டுக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வா. உடுமலை போக இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். உன்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

நீ ஏறினாயே, அந்த ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, நீலக் கதவு, பார்த்திருப்பாய். அதுதான் எங்கள் பட்டறை. வீடு அதை ஒட்டியே இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். பார், பெயரைச் சொல்லிவிட்டேன். பஸ்ஸில்தானே, பரவாயில்லை. அவருக்கு லேத்து வேலை. கிணற்று மோட்டார் பம்புக்கு வேண்டிய சின்னச் சின்ன பாகங்களைக் கடைந்து கொடுப்பார். கூட குப்புராஜ் என்று ஒரே ஒரு ஆள், இருபது வருஷமாக இருக்கிறார். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் ஆறு வார்த்தை லேத்தைப் பற்றி.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பம்பு ஆர்டர் குறைந்தது. எல்லாருக்கும் குறைந்தது, எங்களுக்கு மட்டும் இல்லை. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? வேறு கம்பெனியைப் பிடித்தார்கள், வட்டிக்குக் கடை வைத்தார்கள், பையனை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? சின்ன வெங்காயம் உரிக்கிற மெஷின் செய்கிறேன் என்று உட்கார்ந்தார்.

அதற்கும் காரணம் எங்கள் அண்ணன் வீட்டு விசேஷம்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகளுக்குச் சீர். போனவர் பந்தியில் உட்கார்ந்தோமா, நாலு சொந்தக்காரரிடம் பேசினோமா என்று இல்லை. சமையல் பந்தலுக்குப் போய் நின்றுகொண்டார். அங்கே ஆறு பொம்பளைகள் விடியக்காலையிலிருந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்கள், கண்ணெல்லாம் சிவந்து. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் அண்ணி என்னிடம் வந்து, “ஏன் நாகு, உன் வீட்டுக்காரருக்குக் குழம்பு சரியில்லையாமா, அங்கேயே நின்னு மொறைக்கறாரு” என்கிறாள். மானம் போய்விட்டது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். ஒரு இரும்பு ட்ரம், உள்ளே சொரசொரப்பாக எதையோ ஒட்டி, மோட்டார் வைத்துச் சுற்றுவது. அதற்குள் வெங்காயத்தைப் போடுவது. வெங்காயம் எங்கிருந்து வரும்? என் சமையல்கட்டிலிருந்துதான் வரும். கேட்டால், “ரெண்டு கிலோ எடுத்தேன்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வருகிறபோது அது வெங்காயமா, சட்டினியா என்று சொல்ல முடியாது.

நான் சண்டை போடுகிறவள் இல்லை. ஆனால் ஒரு கணக்கு இருக்க வேண்டும் அல்லவா? என்றைக்காவது அண்ணனைக் கூட்டி உட்காரவைத்து நியாயம் கேட்கிற நாள் வரும். அன்றைக்கு, ‘எத்தனை கிலோ போச்சு, எப்போ போச்சு’ என்று அண்ணன் கேட்டால் நான் விழிக்கக் கூடாது. அதனால் எழுதி வைத்தேன்.

எதில் எழுதினேன் என்றால், காலண்டரில்தான். எல்லா வீட்டிலும் இருக்குமே, அரிசி மில்லில் கொடுக்கிற மாதக் காலண்டர். மேலே சாமி படம், கீழே கட்டம் கட்டமாகத் தேதி. பால் ஒன்றரை, பேப்பர் வரவில்லை, சிலிண்டர் வந்தது என்று நாம் எழுதுகிறோமே, அதே கட்டத்தில் வெங்காயத்தையும் எழுதினேன். என்னிடம் அம்மா வீட்டுச் சீதனத் தராசு ஒன்று உண்டு. அவர் எடுத்துக்கொண்டு போகும்போது நிறுத்துத்தான் கொடுப்பேன். திரும்பி வந்ததில் சாம்பாருக்கு ஆகிறது எவ்வளவு என்று மறுபடியும் நிறுப்பேன். போனது இரண்டு, வந்தது முக்கால். எழுதிவிடுவேன். வராதது ஏன் வரவில்லை என்பதையும் எழுதுவேன். சும்மா கிலோ மட்டும் எழுதினால் அண்ணன், ‘ஆம்பளைன்னா நாலு முயற்சி பண்ணத்தான் செய்வான்’ என்று அவர் பக்கம் பேசிவிடுவான்.

வருஷம் முடிந்தால் பழைய காலண்டரைத் தூக்கிப் போட முடியுமா? முருகன் இருக்கிறார், லட்சுமி இருக்கிறாள். குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? பழையதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவோம். அதுவும் ஒரே ஆணியில். இன்னொரு ஆணி அடித்துக் கொடுங்கள் என்று நான் கேட்காத வருஷம் இல்லை. பட்டறை வைத்திருக்கிறவர், கண்ணு. இரும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். சொந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க அவருக்கு ஏழு வருஷமாக நேரம் இல்லை. “அடிக்கலாம்” என்பார். அதோடு சரி. ஏழு காலண்டர் ஒரே ஆணியில் தொங்கி, அந்த இடமே தலையணை வைத்த மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

அண்ணனைக் கூப்பிடுகிற நாளுக்கு முன்னால் வருமான வரி நோட்டீஸ் வந்தது.

இது உனக்குப் புரிய வேண்டும், எனக்கே ஆடிட்டரம்மா மூன்று முறை சொல்லித்தான் புரிந்தது. பம்பு வேலையில் வந்த லாபத்தை இவர் வெங்காய மெஷினில் கொட்டினார். கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் வரி ஆபீசில் என்ன சொன்னார்கள் என்றால், நீங்கள் செய்வது பம்பு வியாபாரம், வெங்காய மெஷின் என்று ஒன்றை நீங்கள் விற்கவே இல்லை, அதனால் அந்தச் செலவை ஒத்துக்கொள்ள முடியாது, அதெல்லாம் லாபம்தான், கடைசி மூன்று வருஷத்துக்கும் சேர்த்து வரி கட்டுங்கள் என்றார்கள். இல்லாத லாபத்துக்கு வரி. கட்ட வேண்டுமானால் லேத்தை விற்க வேண்டும். லேத்தை விற்றால் பட்டறை எதற்கு? பட்டறையை மோட்டார் சைக்கிள் சர்வீஸ் கடைக்குக் கேட்டு ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் அண்ணன் மில்லில் இவருக்கு சூப்பர்வைசர் வேலை காத்திருந்தது. குப்புராஜுக்கு அங்கே இடம் இல்லை.

நல்ல வேலைதான். நிழலில் நாற்காலி போட்டு உட்காரலாம். எனக்குச் சந்தோஷம்தான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது வயிற்றுக் கோளாறு.

அந்த விஷயத்தில்தான் ஆடிட்டரம்மா வந்தார். மெஹருன்னிசா என்று பெயர். ஸ்கூட்டியில் வருவார், என்னை ‘அக்கா, அக்கா’ என்பார். மெஷினைப் பார்த்தார். அப்போது பதினைந்தாவது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்தாவது உரிக்கும், அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு சமையல்காரர்கள் விலை கேட்டுவிட்டும் போயிருந்தார்கள். ஆடிட்டரம்மா ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு இவரிடம், “அண்ணா, நீங்க பண்ணிட்டிருந்தது ஆராய்ச்சி” என்றார்.

இவர் பதறிப்போனார். “இல்லீங்க, அதெல்லாம் இல்லீங்க. நான் பட்டறைக்காரன்” என்கிறார், ஏதோ திருட்டுக் குற்றம் சுமத்தின மாதிரி.

“புதுசா ஒரு பொருளைக் கண்டுபிடிக்கப் பண்ற செலவை வரியில கழிச்சுக்கலாம்னு சட்டத்துல இருக்குதுங்கண்ணா. பெரிய கம்பெனி எல்லாம் கழிக்கறாங்க. சின்னவங்க யாருக்கும் தெரியறதில்ல. நீங்க நிரூபிச்சாப் போதும், லேத்து பிழைச்சுக்கும்.”

“உரிக்குதுங்களே. இதைவிட என்ன நிரூபிக்கறது?”

“உரிக்கறதை இல்லீங்க. உரிக்காததை. எத்தனை தடவை தோத்தீங்க, ஏன் தோத்தீங்க, அப்புறம் என்ன மாத்தினீங்க. எங்காவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

இவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். “எல்லாம் இதுல இருக்குதுங்க” என்றார். ஆடிட்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். அதில் தழும்புதான் இருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் பழைய ட்ரம் பதினாலும் கிடந்தன. போனால் போகிறது, அதைக் காட்டலாம் என்று முடிவானது. இன்ஸ்பெக்டர் ஒருவர் நேரில் பார்க்க வருவார், எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று ஆடிட்டரம்மா இவரிடம் சொல்லிவிட்டுப் போனார். இவரிடம். இதைக் கவனித்துக்கொள், கண்ணு. இவரிடம் சொன்னால் அது கிணற்றில் போட்ட கல். என்னிடம் இவர் சொன்னது இவ்வளவுதான்: “வெள்ளிக்கிழமை ஆபீசர் வர்றாரு.”

ஆபீசர் வருகிறார் என்றால் என்ன செய்வார்கள்? நீயே சொல். உங்கள் வீட்டுக்கு ஆபீசர் வந்தால் உங்கள் அம்மா என்ன செய்வார்கள்? வியாழக்கிழமை இவரும் குப்புராஜும் பல்லடம் போயிருந்தார்கள். நான் பழைய இரும்புக்காரரை வரச்சொல்லி, பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பதினாலு ட்ரம்மையும் ஏற்றி அனுப்பினேன். முள்ளை வெட்டினேன். கொட்டகைக்குள் தண்ணீர் அடித்துக் கழுவினேன். வாசலில் மாவிலை கட்டினேன். லேத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். ஆயுத பூஜைக்குக்கூட அப்படி இருந்ததில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

இவர் வந்தார். பின்பக்கம் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் பின்பக்கம் போனார்.

“எங்கே?” என்றார்.

“எது எங்கே?”

“ட்ரம்மு.”

“எடைக்குப் போட்டாச்சுங்க. இடமே இப்பத்தான் வீடு மாதிரி இருக்குது.”

அவர் என்னைத் திட்டவில்லை. அவர் திட்டியதே இல்லை. முள் வெட்டின இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். குப்புராஜ்தான், “அதைத்தான் அக்கா ஆபீசர் பார்க்க வர்றதே” என்று சொன்னார். ஓடிப்போய்ப் பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டால், அவர் அப்போதே லாரியில் ஏற்றிவிட்டாராம், சேலம் தாண்டிப் போயிருக்கும் என்கிறார். ஆடிட்டரம்மாவுக்குச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “அக்கா, மாவிலை எல்லாம் கட்டியிருக்கீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சரி, கட்டினது இருக்கட்டும்” என்றார்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், நல்ல பையன். மாவிலையைப் பார்த்துவிட்டு, “ஏதாவது விசேஷங்களா?” என்று கேட்டார். இவர் மெஷினைப் போட்டுக் காட்டினார். காய்ந்த வெங்காயம் ஒரு பக்கம் போகிறது, உள்ளே உருள்கிறது, காற்று அடிக்கிறது, தோல் ஒரு பக்கம் பறந்து போகிறது, வெங்காயம் முத்து முத்தாக விழுகிறது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், கண்ணீர் கொட்டுகிறது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே கேள்வி கேட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

“மெஷின் பிரமாதமா இருக்குது, ஐயா. ஆனா நான் எழுத வேண்டியது வேற. இதை நீங்க படிப்படியா ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சீங்களா, இல்ல எங்கயாச்சும் பார்த்து அப்படியே செஞ்சீங்களா?”

“செஞ்சேனுங்க” என்றார் இவர்.

“எப்படிச் செஞ்சீங்க?”

“செஞ்சு செஞ்சுதானுங்க.”

ஆடிட்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் விடவில்லை. “கம்ப்ரஸர் வாங்கியிருக்கீங்க, பில் இருக்குது. வெங்காயம் உரிக்கறதுக்குக் காத்து எதுக்குன்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அவருக்கே ஞாபகம் இல்லை போலிருக்கிறது.

நான் எல்லாருக்கும் காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். “தோத்துப்போனதா ஒரு ஆதாரமும் இல்லீங்களே, ஐயா. முதல் தடவையே சரியா வந்த மாதிரி இல்ல இருக்குது.”

கண்ணு, எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. முதல் தடவையே சரியாக வந்ததாமே! ஏழு வருஷம். என் சமையல்கட்டு. தோற்கவில்லையாம். காபித் தட்டை ஆடிட்டரம்மா கையில் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்குள் போனேன். ஏழு காலண்டரையும் சேர்த்து ஆணியிலிருந்து எடுத்தேன். ஆணியும் கையோடு வந்துவிட்டது. கொண்டுவந்து அந்த இன்ஸ்பெக்டர் மடியில் போட்டேன்.

“தோக்கலைங்களா? பாருங்க தம்பி. நல்லாப் பாருங்க. எத்தனை கிலோ, என்னைக்கு, எல்லாம் இருக்குது. இவரு தோக்காத நாளைக் காட்டுங்க பார்க்கலாம்.”

அண்ணனிடம் காட்ட வைத்திருந்தது. ஆனால் அரசாங்க ஆபீசரே நேரில் வந்து கேட்கும்போது அண்ணன் எதற்கு?

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடியில் இருந்த காலண்டரை எடுத்தார். வாய்விட்டுப் படித்தார்.

“‘பால் ஒன்றரை. போனது இரண்டு கிலோ, வந்தது கால். தோலைத் தவிர மற்றதெல்லாம் உரிந்துவிட்டது.’ இது யாரு எழுதினதுங்க?”

“நான்தானுங்க. வேற யாரு எழுதுவா?”

“‘போனது ஒன்றரை, வந்தது அரை. நேற்றுக் கழுவின வெங்காயம். ஈரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வெயிலில் காயவைத்துப் போடுங்கள் என்றேன். கேட்கவில்லை.’” அடுத்த கட்டத்துக்குப் போனார். “‘காயவைத்துப் போட்டார். போனது ஒன்றரை, வந்தது முக்கால். நான் சொன்னதாகச் சொல்லவில்லை.’”

“சொல்லலீங்க” என்றேன். “இன்னைக்கு வரைக்கும் சொல்லல. எழுதிக்குங்க.”

அவர் எழுதிக்கொண்டார். நல்ல பையன் என்று சொன்னேன் அல்லவா?

“‘சிலிண்டர் வந்தது.’ இது என்னங்கம்மா, மெஷினுக்குங்களா?”

“அது அடுப்புக்குத் தம்பி.”

அவர் படித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் என் வாயிலிருந்து வந்தது போலவே இருந்தது, கேட்க நன்றாக இருந்தது. ‘சொரசொரப்பு அதிகம். நெல்லிக்காய் அளவு உள்ளே போய் மிளகு அளவு வெளியே வருகிறது. நான் சாக்கில் போட்டுக் கசக்கினால் இப்படி ஆவதில்லை.’ அதற்கு இரண்டு வாரம் தள்ளி, ‘ட்ரம்முக்குள் சாக்கு ஒட்டியிருக்கிறார். என் புதுச் சாக்கு.’ பிறகு ஒரு ஆடி மாதக் கட்டத்தில், ‘தோல் கழன்று கழன்று மறுபடியும் அதிலேயே ஒட்டுகிறது. முறத்தில் புடைத்து ஊதுகிற மாதிரி ஊதினால் போய்விடும். சொன்னேன். முறைத்தார்.’

இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். ஃபைலைப் புரட்டி ஒரு பில்லை எடுத்தார். காலண்டர் கட்டத்தையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “கம்ப்ரஸர் வாங்கினது புரட்டாசியிலங்க” என்றார் ஆடிட்டரம்மாவிடம். ஆடிட்டரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார், தோள் மட்டும் குலுங்குகிறது. அவருக்கும் வெங்காய நெடி போலிருக்கிறது.

“இத்தனை போச்சு, இத்தனை வந்துச்சுன்னு ஏழு வருஷமா எதுக்குங்கம்மா நிறுத்தீங்க?”

“இவரு பண்றது எவ்வளவு அநியாயம்னு தெரியணுமில்லீங்க?”

“கால் கிலோவுல ஆரம்பிச்சிருக்குது. போன மாசம் ரெண்டு கிலோ போட்டு ஒண்ணே முக்கால் வந்திருக்குது.”

“கால் கிலோ இன்னும் வரலைங்களே” என்றேன்.

“அது தோல் எடைங்கம்மா” என்றார்.

இவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், தரையில் உட்கார்ந்து ஒரு காலண்டரை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் அதுவரைக்கும் அதைப் படித்ததே இல்லை. பால் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றார். எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தேன். ‘இன்று ஒன்றும் போடவில்லை. மெஷின் பக்கமே போகவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். வெங்காயம் இரண்டு கிலோ நானே கொண்டுபோய் வைத்தேன்.’ அதை எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. எப்போதோ ஒரு நாள். வெங்காயம் முளைவிட்டு வீணாகிவிடுமே என்று கொண்டுபோய் வைத்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் ஏழு காலண்டரையும் வாங்கிக்கொண்டு, அதற்கு ரசீது எழுதிக் கொடுத்தார். போகும்போது அரைக் கிலோ உரித்த வெங்காயம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சட்டமாம்.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. ஆடிட்டரம்மாதான் கொண்டுவந்து படித்தார். அந்த மூன்று வருஷச் செலவும் ஆராய்ச்சிச் செலவு என்று ஒத்துக்கொண்டார்கள். கேட்ட வரி இல்லை. லேத்து இருக்கிறது. டேப் வைத்து அளந்தவரை இவர் வாசலிலேயே நிறுத்தி, “இல்லீங்க” என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். குப்புராஜ் அன்றைக்கு மட்டும் பதினைந்து வார்த்தை பேசியிருப்பார். அந்த உத்தரவில் ஒரு வரி வருகிறது, எனக்கு மனப்பாடம்: ‘ஆய்வுக் குறிப்புகள் தொடர்ச்சியாகவும் முறையாகவும் பராமரிக்கப்பட்டுள்ளன.’ எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே. ஆய்வுக் குறிப்பாம். நான் எழுதியது குற்றப்பத்திரிகை, கண்ணு. ஏழு வருஷம் கஷ்டப்பட்டு நான் இவர் மேல் எழுதின குற்றப்பத்திரிகையை எடுத்து இவருக்கே நற்சான்றிதழ் ஆக்கிவிட்டார்கள். அண்ணனிடம் சொன்னேன், அண்ணன் சிரிக்கிறான். சூப்பர்வைசர் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டானாம். இன்றைக்கு அவன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள், அதற்குத்தான் போகிறேன். இவரும் குப்புராஜும் காலையிலேயே லோடு ஆட்டோவில் மெஷினோடு போய்விட்டார்கள். அங்கே சமையல்காரர் இருபது கிலோ வெங்காயம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம். நிறுத்துக் கொடுக்காமல் விட்டுவிடப் போகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

இதோ, குடிமங்கலம் தாண்டிவிட்டோம். முடித்துவிடுகிறேன்.

தை மாதம் காலண்டரெல்லாம் திரும்பி வந்தது. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே நம்பர் ஒட்டியிருந்தார்கள். கூடவே அரிசி மில்லின் புதுக் காலண்டரும் வந்தது, வள்ளி தெய்வானையோடு முருகன். பழைய ஆணியை ஒரு வழியாகக் குத்தி எட்டையும் மாட்டினேன். தாங்குமா? காரையோடு சேர்ந்து எல்லாம் கீழே வந்துவிட்டது. நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இவர் காதில் விழுகிற மாதிரி சொன்னேன்: “ஏழு வருஷம் ஆச்சு. எட்டாவது வருஷமும் பொறந்தாச்சு. இந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்க ஆள் இல்ல.”

இவர் எழுந்தார். கை கழுவினார். கீழே கிடந்ததில் புதுக் காலண்டரை மட்டும் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். “ஏனுங்க, ஆணி கேட்டது வீட்டுக்கு. நீங்க எங்க போறீங்க?”

மெஷினுக்குப் பக்கத்தில் சுவர் ஓரமாக நின்றுகொண்டு, “இங்க வா” என்றார். போனேன். “இப்படி நில்லு, சுவரைப் பார்த்து.” நின்றேன். குப்புராஜ் லேத்தை நிறுத்திவிட்டார்.

“கையைத் தூக்கு” என்றார்.

“எதுக்குங்க?”

“எழுதுற மாதிரி தூக்கு.”

தூக்கினேன். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, என் விரல் இருந்த இடத்தில் சுவரில் ஒரு கோடு போட்டார். புதுக் காலண்டரைச் சுவரோடு வைத்து, கட்டங்கள் அந்தக் கோட்டுக்கு வருகிற மாதிரி மேலே கீழே நகர்த்திப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து அடித்தார்.